மஞ்சள் துணி கட்டிய போத்து

சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நின்ற கல்யாண முருங்கை மரங்களில் பாதிக்கு மேல் ஒரே பெண் நட்டவை. அவள் பெயர் சின்னத்தாயி. நடுவதற்கென்று வெட்டிய கிளைக்கு அங்கே போத்து என்று பெயர். அவள் கைபட்ட போத்து எதுவும் பட்டுப்போனதில்லை என்று தோட்டத்து ஆட்கள் சத்தியம் செய்வார்கள். ஆள் உயரக் கிளை ஒன்றை வெட்டி அவள் மண்ணில் ஊன்றிவிட்டுப் போனால் போதும். மூன்றாம் வாரம் கணுவுக்குக் கணு பச்சை மொட்டு முட்டிக்கொண்டு நிற்கும்.

அவர்கள் சொன்னது முழு உண்மையல்ல. ஒரு போத்து பட்டுப்போனது. அவள் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டியிருந்த முதல் போத்து அதுதான். அந்த ஒன்றை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

செம்மநத்தத்துக்குக் கிழக்கே, சரிவில், கீழ்க்கொல்லை என்று பதினோரு வீடுகள் கொண்ட ஊர் இருந்தது. சாமையும் ராகியும் விதைத்து, மாடு வளர்த்துப் பிழைத்த மலைக்காரர்களின் ஊர். பதினாறு வயதில் சின்னத்தாயி அங்கே மருமகளாக வந்தாள். புருஷன் வேடியப்பன், மாமியார் கண்ணாயி. வீட்டில் வேறு யாரும் இல்லை.

கல்யாணப் பந்தலில் கல்யாண முருங்கைக் கிளை ஊன்றி, மஞ்சள் பூசி, மஞ்சள் துணி கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். கீழ்க்கொல்லையில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பந்தலைப் பிரித்ததும் மாப்பிள்ளை அந்தக் கிளையைத் தன் கையால் வாசலோரம் நடுவான். நாற்பத்தெட்டு நாள், காலையும் மாலையும், பெண் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். துளிர்த்தால் புருஷனுக்கு ஆயுசு கெட்டி. கல்யாணக் கால் என்று அதற்குப் பெயர். புருஷன் உயிரோடு இருக்கும்வரை அந்த மரத்தில் ஒரு தழை ஒடிக்கக்கூடாது. கட்டுத்தறியில் மாடு பட்டினி கிடந்தாலும் கூடாது. அவன் இறந்த பதினாறாம் நாள், பெண்சாதி தன் கையால் முதல் கிளையை வெட்டி மாட்டுக்குப் போடுவாள். அன்றோடு அதுவும் மற்ற மரங்களைப் போலத் தீவன மரம் ஆகிவிடும். கண்ணாயியின் கல்யாணக் கால் அப்படித்தான் வீட்டுக்குப் பின்னால் மொட்டையும் துளிருமாக நின்றது.

சின்னத்தாயி ஒரு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். மாமியார் பார்த்துக்கொண்டே இருப்பாள். குடம் நிறையவில்லை என்றால் திருப்பி அனுப்புவாள். இருபதாம் நாள் நடுப்பகலில், எல்லோரும் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சின்னத்தாயி போத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது ஆடியது. பற்றிய இடத்தில் பட்டை வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. மெல்ல உருவினாள். அடிப்பக்கம் கறுத்து, ஊறிப்போய், செத்த எலியைப் போல நாறியது.

புருஷனின் ஆயுசு தன் கையில் நாறுவதைக் கண்ட பதினாறு வயதுப் பெண் என்ன செய்வாள்? அழக்கூட நேரம் இல்லை. கட்டுத்தறி நிழலில், வேலிக்கென்று வெட்டிப் பதினைந்து நாளாகச் சாத்தி வைத்திருந்த போத்துகள் அவள் கண்ணில் பட்டன. அவற்றில் அதே கனத்தில் ஒன்றை எடுத்தாள். தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. கணுக்களில் ஏதோ பருத்திருந்தது. அதைக் குழியில் ஊன்றி மண்ணை மிதித்தாள். பழைய போத்தில் இருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து இதில் கட்டினாள். அழுகியதைக் குப்பைக்குழியில் புதைத்தாள். மாலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, போத்தின் அடியில் ஊற்ற அவள் துணியவில்லை. ஓரடி தள்ளிச் சாய்த்தாள். குடம் நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மாமியாருக்கு அது தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படியே செய்தாள்.

பதினெட்டு நாளில் அது துளிர்த்தது. வேடியப்பன் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான். கண்ணாயி சாமைச் சோறு பொங்கிப் படைத்து, விழுந்து கும்பிட்டாள். சின்னத்தாயியும் கும்பிட்டாள். எதைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

வெட்டிய கிளையை ஈரத்தோடு நட்டுத் தண்ணீரைக் கொட்டினால் அழுகும். நிழலில் பதினைந்து நாள் காயவிட்டு நட்டால் பிழைக்கும். அவள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். வேலிப் போத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, அதனால் அது பிழைத்தது. கல்யாணக் காலுக்குப் பக்தியோடு ஊற்றினார்கள், அதனால் அது செத்தது. அந்த ஊரில் யாருக்கும் இது தோன்றவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே மரம் என்று அவர்கள் நினைத்ததே இல்லை.

கற்றதை அவள் மாடுகளுக்குச் செலவழித்தாள். மரம் பூத்து ஓய்ந்ததும் மணிக்கட்டுக் கனத்தில் கிளை வெட்டுவாள். அடியைச் சாய்வாகச் சீவி, நுனியில் சாணி அப்பி, நிழலில் நிறுத்தி வைப்பாள். முதல் மழைக்கு முன் கடப்பாரையால் குழி போட்டுப் பட்டை உரியாமல் இறக்குவாள். இரண்டு வருஷம் அரிவாள் படாது. பிறகு தழை கழிக்கும்போது, மரம் மூச்சு விட என்று ஒரு கிளையை மட்டும் விட்டுவிடுவாள். ஒன்பது வருஷத்தில் கொல்லையைச் சுற்றி நூறு மரத்துக்கு மேல் நின்றது. கோடையில் மற்ற வீட்டு மாடுகள் எலும்பு தெரிய நிற்கும்போது அவள் வீட்டுச் செவலைப் பசு மடி கனத்து நின்றது. முள் கீறிக் கீறி அவள் உள்ளங்கை மரப்பட்டை போல ஆகிவிட்டது. கைராசிக்காரி என்று ஊர் சொல்லியது.

ஆனால் ஊர்க்கவுண்டர் செங்கோடன் வீட்டுக்கு வந்த புது மருமகள், காலையும் மாலையும் குடம் குடமாகக் கல்யாணக் காலுக்கு ஊற்றுவதைப் பார்த்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போத்து அழுகியது. தரித்திரம் பிடித்தவள் என்று அந்தப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மூட்டையோடு அவள் வாசலைக் கடந்து போன அன்று சின்னத்தாயிக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது.

மழை பொய்த்தது. சாமை கருகியது. அடிவாரத்துக் குப்பனூரிலிருந்து ஏறும் பாதையில் கீழ்நாட்டு மாடுகள் மந்தை மந்தையாக மலை ஏறின. ஏறியவற்றில் பாதி வழியிலேயே விழுந்தன. மேலே வந்தவை ஒரே மாதத்தில் மலையைப் புல் இல்லாமல் வழித்துவிட்டன. மாசி மாதம் வேடியப்பன் இரண்டு எருதுகள் மேல் தேனும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு, ராகிக்கு மாற்றி வருவதாகச் சொல்லிக் குப்பனூருக்குப் புறப்பட்டான். சின்னத்தாயி குழந்தை காவேரியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் போகிறபோது கல்யாணக் காலைத் தட்டிக் கொடுத்தான்.

"இது நிக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது புள்ளே. நீ எதுக்கு அழுவறே?"

அப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லாமல், குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

மூன்று நாளில் வருகிறேன் என்று போனவன் மூன்று மாதமாகியும் வரவில்லை. குப்பனூரிலிருந்து ஏறி வந்தவர்கள், கீழே பிணங்களை அள்ள ஆளில்லை என்றார்கள். எருதுகளைக் கண்டவர் இல்லை. அவனைக் கண்டவரும் இல்லை.

வைகாசியில் கொல்லையைச் சுற்றி நின்ற நூறு மரமும் முடிந்தன. முதலில் தழை போனது. பிறகு மூச்சு விட என்று விட்டிருந்த அந்த ஒரு கிளையும் போனது. பிறகு ஊரார் பட்டையை உரித்தார்கள். கண்ணாயியின் பழைய மரமும் அப்படியே செத்தது. காட்டில் பச்சையாக மிஞ்சியது ஒடுவன் தழை மட்டும். அதைத் தின்ற மாடு எழுந்திருக்காது. செவலையின் கன்று முன்பே செத்திருந்தது. அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பக்கத்தில் நிறுத்தித்தான் பால் கறந்துகொண்டிருந்தார்கள். ஒரு நாள் சின்னத்தாயி அந்தத் தோலைப் பிரித்து, உள்ளே இருந்த வைக்கோலை எடுத்துத் தாய்ப்பசுவுக்கே போட்டாள். செவலை முகர்ந்து பார்த்தது. பிறகு தின்றது.

காவேரிக்கு இரண்டு வயது. வேகவைத்த கிழங்கும் இலையும் அவள் வயிற்றில் தங்கவில்லை. தாயிடம் பால் வற்றி வெகு நாளாகியிருந்தது. செவலை கொடுத்த அரை ஆழாக்குப் பாலில்தான் அந்த உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. பசு கால் மடங்கிப் படுத்துவிட்டது.

ஊரில் பச்சை என்று இருந்தது ஒன்றே ஒன்று. வாசலில், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்து, கூரைக்கு மேல் குடை விரித்து நின்ற கல்யாணக் கால்.

காலையில் சின்னத்தாயி கொடுவாளோடு அதன் அடியில் வந்து நின்றபோது, கண்ணாயி ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். முள் மார்பில் ஏறியது. அவள் விடவில்லை.

"என்ற பையன் உசுரு இதுல நிக்குது கண்ணு. என்னை வெட்டிப் போடு. இதை வெட்டாத."

அந்தக் கிழவி கெட்டவள் இல்லை. தன் பங்குக் கூழைப் பேத்திக்கு ஊட்டிவிட்டு, வெறும் தண்ணீரைக் குடித்துப் படுத்தவள்தான். சின்னத்தாயி கொடுவாளைத் தாழ்த்தினாள். இது உங்கள் மகன் நட்ட கால் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நட்ட கால் இருபதாம் நாளே அழுகியது என்று தெரிந்தால், மகன் என்றோ செத்துவிட்டான் என்று அதே இடத்தில் விழுவாள். சொன்னாலும் அவள் மகன் சாவான். சொல்லாமல் வெட்டினாலும் சாவான்.

"மரம் மறுக்காத் துளுக்கும் அத்தை. காவேரி துளுக்க மாட்டா."

உள்ளே குழந்தை அழ முயன்றது. அழுகை வரவில்லை, பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. கண்ணாயியின் கை மெல்லத் தளர்ந்தது. மரத்தோடு உரசியபடியே சரிந்து, அடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தலைக்கு மேல் சின்னத்தாயி முதல் கிளையை வெட்டினாள்.

செவலை படுத்தபடியே தின்றது. மறுநாள் எழுந்து நின்றது. அன்று மாலை குழந்தையின் உதட்டில் பால் பட்டது.

கண்ணாயி தன் காலால் நடந்து ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனாள். கல்யாணக் கால் வெட்டுப்பட்டுவிட்டது, என் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று கேட்டாள். அந்தப் பஞ்சத்திலும் ஊர் கூடியது. வேடியப்பனின் உடல் இல்லை. வழக்கப்படி வைக்கோலில் உருவம் செய்ய ஊரில் ஒரு பிடி வைக்கோல் இல்லை. கடைசியில், செவலை தழையைத் தின்றுவிட்டுப் போட்ட அதே முருங்கைக் கட்டைக்கு அவனுடைய பழைய வேட்டியைச் சுற்றி, அதையே பிணமாக வைத்துத் தீ மூட்டினார்கள். பச்சைக் கட்டை எரியவில்லை. நாள் முழுக்கப் புகைந்தது. சின்னத்தாயியின் தாலியைக் கழற்றினார்கள். அவள் தடுக்கவில்லை. அவள் கண் குடிசைப் பக்கமே இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் தவறிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் கண்ணாயி செத்தாள். மகன் போய்விட்டான் என்று நம்பியே செத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. கருமாதி முடிந்ததால் அது இனிமேல் கல்யாணக் கால் இல்லை. வெறும் தீவன மரம். அதனால் ஊரார் ஒவ்வொருவராகத் தழை கேட்டு வந்தார்கள். தாலியைக் கழற்றச் சொன்ன செங்கோடன் கவுண்டரே வந்து நின்றார்.

"எங்கூட்டுக் கெடேரி எந்திரிக்க மாட்டீங்குது சாமி. நொம்பக் கேக்கலை, ரெண்டு கை குடு."

அவள் ஏறி வெட்டிக் கொடுத்தாள். கேட்ட எல்லோருக்கும் கொடுத்தாள். புரட்டாசியில் மழை இறங்கும்வரை அந்த ஒரு மரம் கீழ்க்கொல்லையில் எஞ்சிய ஏழு மாடுகளை உயிரோடு வைத்திருந்தது. மழை வந்தபோது அது அடியோடு மொட்டையாக நின்றது. அது பிறகு துளிர்க்கவில்லை.

மழை நின்றதும் சின்னத்தாயி குழந்தையையும் செவலையையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டாள். கொட்டச்சேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் எஸ்டேட்டில், பஞ்சத்தில் காய்ந்த நிழல் மரங்களுக்குப் பதில் புதிதாக நட்டுக்கொண்டிருந்தார்கள். கீழ்நாட்டிலிருந்து வந்த கூலியாட்கள் கிளையை வெட்டிய ஈரத்தோடு நட்டார்கள். பத்துக்கு எட்டு அழுகியது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் நல்லமுத்து தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது இவள் போய் நின்றாள். நான் நடுகிறேன், ஒன்று கூட அழுகாது, ஆனால் நிழல் மரத்தைக் கழிக்கும்போது விழுகிற தழையைக் கூலியாட்களின் லைன் வீட்டு மாடுகளுக்கு விட வேண்டும் என்றாள். தழை காப்பிச் செடிக்கு உரம், அதை எப்படி விடுவது என்று ரைட்டர் இழுத்தார். மாடு தின்றால் சாணி உரம்தானே என்று இவள் கேட்டாள். ரைட்டர் சிரித்துவிட்டார். துரையும் ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில், காப்பிச் செடிகளுக்கு நடுவே அவள் குழி போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ வந்து நிற்பது தெரிந்து நிமிர்ந்தாள். தலை மொட்டை. கன்னம் ஒட்டி, பல் வெளியே தெரிந்தது. கண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

கையிலிருந்த கடப்பாரை அவள் கால் மேலேயே விழுந்தது. வலி தெரியவில்லை.

வேடியப்பன் முதலில் கீழ்க்கொல்லைக்குப் போயிருக்கிறான். எல்லைக்கல் அருகிலேயே நிறுத்திவிட்டார்கள். கருமாதி முடிந்தவன் ஊருக்குள் கால் வைத்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள். தாய் இறந்ததையும் மரம் வெட்டுப்பட்டதையும் இவள் போன இடத்தையும் அங்கிருந்தே சொன்னார்கள். தண்ணீர் கேட்டதற்கு, சொம்பைத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார்கள்.

"நாஞ் செத்துப்போயிட்டேன்னு உனக்கு யாரு புள்ளே சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. காவேரிக்குப் பாலு இல்லீங்க. செவலைக்குத் தழை இல்லீங்க."

நிழலில் உட்கார்ந்து போத்துகளை எண்ணி விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் கதையைச் சொன்னான். குப்பனூரில் எருதுகளைப் பறித்துக்கொண்டார்கள். காய்ச்சலில் விழுந்தவனைக் கஞ்சித் தொட்டிக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரு பக்கமும் படுத்திருந்தவர்களைக் காலையில் வண்டியில் ஏற்றினார்கள். பிழைத்து எழுந்ததும் கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் கப்பலேற்றி இலங்கைக்கு, கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

"ஒவ்வொரு நாளும் அந்த மரத்தைத்தான் நெனச்சேன். வாசல்ல மரம் நிக்குது, என்ற உசுரு அங்க பத்திரமா இருக்குது, இங்க இவிய என்ன பண்ணீர முடியும்னு. அதை நெனச்சுத்தான் புள்ளே எந்திரிச்சு நடந்தேன்."

சின்னத்தாயிக்கு அந்த நிமிஷத்தில் ஒன்றே ஒன்று தோன்றியது. நான் உங்கள் உயிரை வெட்டவில்லை என்று இவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மனசு ஆறிவிடும். செத்தவர் என்று ஊர் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். லைன் வீட்டில் மூன்று பேரும் இருந்துகொள்ளலாம். சாகும்வரை மாமியாரிடம் மறைத்ததை, இத்தனை வருஷம் புருஷனிடம் மறைத்ததை, அவள் அந்த ஆசையில் அவிழ்த்தாள். இருபதாம் நாள் அழுகிய போத்தைச் சொன்னாள். குப்பைக்குழியைச் சொன்னாள். மஞ்சள் துணியை மாற்றிக் கட்டியதைச் சொன்னாள்.

அவன் அசையாமல் கேட்டான்.

"அப்ப நாங் கும்புட்டுக் கெடந்தது என்னத்தை?"

"வேலிப் போத்துங்க."

"வேலிப் போத்து" என்று அவனும் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். கஞ்சிக் கொட்டகையில் பிணங்களுக்கு நடுவே அவனைப் பிடித்து நிறுத்திய ஒன்று, அவன் கண்ணெதிரே வெறும் கட்டையாகி விழுந்தது. எழுந்து நின்றான்.

"வெட்டுனதை நான் பொறுத்துக்குவேன் புள்ளே. புள்ளைக்காவ வெட்டுனே. இதை எதுக்குச் சொன்னே?"

அவன் குழந்தையின் தலையில் கையை வைத்தான். காவேரி யாரோ என்று பயந்து தாயிடம் ஓடினாள். அவன் காப்பிச் செடிகளுக்கு இடையில் இறங்கிப் போனான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பானோ என்று பின்னால் மகளிடம் பல முறை கேட்டிருக்கிறாள்.

அவன் வெகு தூரம் போகவில்லை. கொட்டச்சேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னோர் எஸ்டேட்டில் வண்டிக்காரனாகச் சேர்ந்தான். அந்தத் தோட்டத்துக்கும் போத்து இவளிடமிருந்துதான் போனது. வருஷந்தோறும் சித்திரை முடிவில், காய்ந்த போத்துகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப் பாதையோரம் அடுக்கி வைப்பாள். அவன் வண்டியோடு வருவான். ஏற்றுவான். போவான். பேச்சு இல்லை. முதல் சில வருஷம் அவள் கட்டுகளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள். இருவருக்கும் தலை நரைத்தது.

காவேரிக்குக் கல்யாணம் நடந்தபோது, பந்தக்கால் போத்தைப் பதினைந்து நாள் முன்பே வெட்டிக் காயவைக்கச் சொன்னாள் சின்னத்தாயி. நட்ட பிறகு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னாள். கவுண்டர் வீட்டிலிருந்து மூட்டையோடு போன அந்தப் பெண்ணுக்கு அது எட்டியிருக்காது. கல்யாணத்தன்று பாதையில் ஒரு மாட்டு வண்டி நின்றதாகவும், தாலி கட்டி முடிந்ததும் போய்விட்டதாகவும் நல்லமுத்து சொன்னார். செத்தவன் பெண்ணைத் தாரை வார்க்க வர முடியாது.

ஒரு கோடையில் அந்த வண்டிக்குப் பதில் வேறு வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் பொன்னுவேல் என்ற புது ஆள். பழைய வண்டிக்காரர் விஷக்காய்ச்சலில் போய்ப் பதினைந்து நாளாகிறது, சொந்தம் யாரும் இல்லாததால் தோட்டத்திலேயே புதைத்துவிட்டார்கள் என்று போத்துக்கட்டுகளை ஏற்றிக்கொண்டே சொன்னான். சொந்தம் எதிரே நிற்பது அவனுக்குத் தெரியாது. சின்னத்தாயி கடைசிக் கட்டு ஏறும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, அந்த ஊட்டை எனக்குக் காட்ட முடியுமா சாமி என்று கேட்டாள்.

மறுநாள் காலை மகள் காவேரியோடு நடந்து போனாள். குடிசை ஒரு மேட்டில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. அவனுடைய இரண்டு எருதுகள் வெயிலில் முளையில் கட்டிக் கிடந்தன. விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. குடிசை வாசலை ஒட்டி ஒரு கல்யாண முருங்கை நின்றது. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு முருங்கையைப் பார்த்ததில்லை. அரிவாளே படாமல், கிளைமேல் கிளை விட்டு, குடிசையையும் பாதையையும் மூடி நின்றது.

"இவரு இங்க வந்த மொத வருசமே நட்டாராமுங்க" என்றான் பொன்னுவேல். "ஒரு எலையை ஒடிக்க உட மாட்டாரு. எருதுக்குத் தழை வேணுமின்னா ரெண்டு மைலு போயி அறுத்துக்கிட்டு வருவாரு. ஊட்டு வாசல்ல வெச்சுக்கிட்டு எதுக்குய்யா அலையறேன்னு எல்லாருஞ் சிரிப்பாங்க. ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க."

சின்னத்தாயி மரத்தை நெருங்கினாள். அவள் கட்டி அனுப்பிய முதல் வருஷத்துக் கட்டிலிருந்து எடுத்த போத்து. வேறு யார் போத்தும் இந்தத் தோட்டத்துக்கு வந்ததில்லை. இடுப்பு உயரத்தில் பட்டை சுற்றிலும் புடைத்து, எதையோ விழுங்கி மூடியிருந்தது. நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். நைந்த துணி. நிறம் போயிருந்தது. மடிப்புக்குள் ஓர் இழையில் மட்டும் மஞ்சள் மிச்சம் இருந்தது.

கட்டுகளில் வந்த ஒரு சாதாரணப் போத்துக்கு, வேலிப் போத்துக்கு அவள் கட்டியது போலவே, தன் கையால் துணி கட்டி, தன் உயிரை மறுபடியும் அவள் போத்தில்தான் வைத்திருக்கிறான். அதை ஒரு நாளும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மார்பில் முள் ஏறியது. கண்ணாயி நின்றது போலவே நின்றாள். காவேரி இழுத்துப் பார்த்தாள், விடவில்லை. எருது ஒன்று கத்தியபோதுதான் விட்டாள்.

அன்று பதினாறாம் நாள். கழற்றுவதற்குக் கழுத்தில் தாலி இல்லை. அது என்றோ போய்விட்டது. வெட்டுவதற்கு மரம் இருந்தது. பொன்னுவேலிடம் கொடுவாள் வாங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கிளையை வெட்டினாள். இழுத்துக்கொண்டு போய் எருதுகளின் முன்னால் போட்டாள். அவை முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. தின்றன. இன்னொன்று வெட்டினாள். வெயில் உச்சிக்கு வரும்வரை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஒரே ஒரு கிளை நின்றது. பொன்னுவேல் அதையும் வெட்டவா என்று கையை நீட்டினான்.

"அது இருக்கட்டும் சாமி" என்றாள் சின்னத்தாயி. கொடுவாளைத் துடைத்து அவனிடம் கொடுத்துவிட்டு, எருதுகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.